புவெனஸ் அயர்ஸில் எந்த ஏர்போர்ட்? அர்ஜென்டினா பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்ஜென்டினாவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். புவெனஸ் அயர்ஸ் என்று பார்த்ததும், வந்து இறங்கும் ஏர்போர்ட்டிலேயே அடுத்த விமானத்தையும் பிடித்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது இரண்டு. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பெரிய விமானங்கள் தென்மேற்குப் புறநகரில், எசேய்சாவில் இறங்கும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை ஊருக்குள்ளேயே, ஆற்றங்கரையை ஒட்டிய ஏரோபார்கேயிலிருந்து கிளம்பும்.

காலை 9 மணிக்கு எசேய்சாவில் இறங்கி 12 மணிக்குத் தெற்கே உள்ள மலை நகரமான பரிலோச்சேவுக்கு விமானம் என்றால் கணக்கில் சரியாகத்தான் தெரியும். ஆனால் குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வரவே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடலாம். அப்புறம் சாலை வழியே ஒரு மணி நேரம். நெரிசல் இருந்தால் அதற்கும் மேல். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கவுன்டரை மூடியிருப்பார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமான நிறுவனம் உங்களுக்குப் பொறுப்பல்ல. புது டிக்கெட்டுக்கு மறுபடியும் காசு. குறைந்தது ஐந்து மணி நேரம் இடைவெளி விடுங்கள். என்னைக் கேட்டால், அன்று இரவு ஊரில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவதுதான் நல்லது.

'உள்நாடு என்றால் ஏரோபார்கே, வெளிநாடு என்றால் எசேய்சா' என்று மனப்பாடம் செய்துகொள்வதும் ஆபத்து. சில உள்நாட்டு விமானங்கள் எசேய்சாவிலிருந்தும் போகின்றன. உருகுவே, சிலி, பிரேசில் விமானங்கள் சில ஏரோபார்கேயிலிருந்து போகின்றன. டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்தைப் பாருங்கள்: இ.இசட்.இ. என்றால் எசேய்சா, ஏ.இ.பி. என்றால் ஏரோபார்கே. இன்னொரு பொறி, எசேய்சா என்றே ஒரு ரயில் நிலையம் இருப்பது. அது அந்த ஊரின் ஸ்டேஷன். விமான நிலையத்துக்குள் ரயில் போகாது.

அறிவிப்புப் பலகையில் 'கபோதாஹே' என்று இருந்தால் அதுதான் உள்நாட்டுப் பிரிவு. இந்த வார்த்தை தெரியாமல் தப்பான வரிசையில் நிற்க வேண்டாம். 'தெமொராதோ' என்றால் தாமதம்.

இகுவாசு அருவிக்குப் போகிறவர்களுக்கு வேறொரு குழப்பம். அருவி இரு நாட்டு எல்லையில் இருப்பதால், ஏர்போர்ட்டும் ஆளுக்கொன்று. புவெனஸ் அயர்ஸிலிருந்து போவது அர்ஜென்டினா பக்கத்து புவேர்த்தோ இகுவாசுவுக்கு. விலை குறைவாக இருக்கிறதே என்று பிரேசில் பக்கத்து ஃபோஸ் தோ இகுவாசுவுக்கு டிக்கெட் போட்டால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பிரேசில் விசாவும் வேண்டும்.

நாட்டின் தென்கோடி ஊரான உஷுவாயாவில் அண்டார்டிகா கப்பல் ஏறுகிறவர்கள் அதே நாளில் விமானத்தில் போய் இறங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. இந்தத் தென்பகுதியான பதகோனியாவில் காற்று எப்போது சீறும் என்று சொல்ல முடியாது. 2011-ல் சிலியின் புயேஹுவே எரிமலைத்தொடர் வெடித்துக் கக்கிய சாம்பலால் பரிலோச்சே விமான நிலையம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதெல்லாம் எப்போதோ நடப்பது என்றாலும், 'பாரோ' எனப்படும் வேலைநிறுத்தம் அப்படியில்லை. 2024 மே 9 பொது வேலைநிறுத்தத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பெரிய பாரோக்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள் என்பதால், கிளம்பும் வாரத்தில் உள்ளூர்ச் செய்தியில் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

மலிவுக் கட்டண விமானங்களில் அடிப்படைக் கட்டணத்துக்கு ஒரு சிறிய முதுகுப்பைதான். பெட்டிக்கான பணத்தை ஆன்லைனிலேயே கட்டிவிடுங்கள், கவுன்டரில் கூடுதலாகக் கேட்பார்கள்.

ஏரோபார்கேயில் மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தால், பெட்டியை ஒப்படைத்த கையோடு வெளியே வாருங்கள். சாலையைத் தாண்டினால் லா பிளாட்டா ஆறு. அக்கரை தெரியாத, மண்நிறத் தண்ணீர். கைப்பிடிச் சுவரோரம் தூண்டில் போட்டு நிற்கிறவர்களின் தலைக்கு மேலே விமானங்கள் தாழ்வாக இறங்கிக்கொண்டிருக்கும்.