டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுக்க ஒரு கேமரா: வாங்குவதிலிருந்து பிரின்ட் போடுவது வரை

"என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே வைத்து எடுக்கப்போகிறீர்கள்? பதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். வீட்டுக்குள் குழந்தைகள், பிறந்தநாள், சொந்தக்காரர் கல்யாணம், எப்போதாவது ஒரு வெளியூர்ப் பயணம். அதாவது முக்கால்வாசிப் படங்கள் டியூப்லைட்டிலும் எல்இடி பல்பிலும்தான். கடையில் மெகாபிக்சல் பற்றிப் பேசுவார்கள், வீடியோ பற்றிப் பேசுவார்கள். இந்த டியூப்லைட் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

வெயிலில் மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் வேலை என்றால் கையில் இருக்கும் போனே போதும். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பணம் மிச்சம். மற்றவர்களுக்கு ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, அப்பெர்ச்சர் மூன்றும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: முதலில் லென்ஸ்

கேமராவோடு பெட்டியில் வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஓடியாடும் குழந்தையைக் கலங்காமல் எடுக்க 1/250 நொடியாவது வேண்டும். அந்த வேகத்துக்குக் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 12800 கேட்கும் அறையில், 1.8 லென்ஸ் 1250-இலேயே வேலையை முடித்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) வாங்கினாலும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. இப்போது வரும் சில கிட் லென்ஸ்கள் இன்னும் மோசம்: கேனன் ஆர்50-உடன் வரும் 18–45, ஜூம் முனையில் எஃப் 6.3.

ஆகவே என் கணக்கு இது: பாடியில் ஒரு படி இறங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

எந்த மி.மீ.? எல்லோரும் 50 என்பார்கள், விலை குறைவு என்பதால். ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் (பழைய ஃபிலிம் அளவைவிடச் சிறியது; இங்கே சொல்லும் கேமராக்கள் இந்த வகைதான்) 50 மி.மீ. என்பது நிகானில் 75, கேனனில் 80 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். நம் வீட்டு ஹாலில் நாலு பேரை ஒன்றாக எடுக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள் எடுக்க 35 மி.மீ.தான் என் சாய்ஸ். நிகானில் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி இருக்கிறது. கேனனில் இதற்கு இணையாக மலிவான ஒன்று இல்லாதது ஒரு குறை. ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் ஓரளவு ஈடுகட்டும். சந்தேகமாக இருந்தால் கிட் லென்ஸை 35-இல் நிறுத்தி, வளையத்தைத் தொடாமல் ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் 50. கை எதை விரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எஃப் 1.8-இல் ஃபோகஸ் ஆழம் ரொம்பக் குறைவு. முன்னே பின்னே உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்றின் முகம்தான் தெளிவாக வரும். இரண்டு பேர் என்றாலே 2.8-க்கு வந்துவிடுங்கள்.

படி 2: மவுண்ட் (பாடியில் லென்ஸ் பொருந்தும் வாய்)

புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராதான். கேனன், நிகான், சோனி மூன்றின் புதிய லென்ஸ்களும் அங்கேதான் வருகின்றன. கேனன் ஆர்50, நிகான் இசட்50, சோனி இசட்வி-ஈ10 எல்லாமே இந்த வேலைக்குப் போதும். நான் மட்டும் இன்னும் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கட்சி. நிகான் டி3500, டி5600, கேனன் 200டி போன்றவை செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைக்கின்றன, எல்லாம் 24 மெகாபிக்சல், லென்ஸும் மலிவு.

நிகான் பக்கம் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள். டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் படம் எடுக்கும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கடையில் "நிகானுக்கு நிகான் பொருந்தும் சார்" என்று கொடுத்துவிடுவார்கள். லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். நிகானின் மிரர்லெஸ் இசட் கேமராவில், பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் டி லென்ஸுக்கு இதே கதைதான். ஏஎஃப்-பி லென்ஸோ டி90 போன்ற பழைய பாடிகளில் ஒத்துழைக்காது.

கேனனில் இவ்வளவு சிக்கல் இல்லை. டிஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக மிரர்லெஸ் ஆர் வரிசையிலும் ஃபோகஸ் செய்யும். ஈஓஎஸ் எம் வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அந்த மவுண்டையே நிறுத்திவிட்டார்கள்.

படி 3: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

கடையிலேயே ஒரு படம் எடுத்து, கார்டை லேப்டாப்பில் போட்டு, எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் நிகானில் ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை) வரியாகவே தெரியும். டி3500-இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 30,000-க்குள் இருந்தால் தயங்காமல் பேரம் பேசலாம். கேனனில் பெரும்பாலான மாடல்கள் இந்த எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை, அதனால் பாடியின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு, கடலோர ஊர்க்காரர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி மூன்றையும் வாங்கிவிடுங்கள். 40–50 சதவீதத்தில் நிறுத்தினால் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், மாவுத்தூசி போய் அடையும்.

படி 4: படங்களைத் திருத்த எந்த மென்பொருள்?

லைட்ரூம் நல்ல மென்பொருள்தான், மறுக்கவில்லை. இரைச்சல் (இருட்டில் எடுத்த படத்தில் விழும் புள்ளிகள்) நீக்குவதிலும் முகத்தைத் தனியாகத் தேர்வு செய்வதிலும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் 2015-இல் வந்த லைட்ரூம் 6-தான் ஒருமுறை பணம் கொடுத்து வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு எல்லாமே சந்தா. படம் எடுத்துச் சம்பாதிப்பவருக்கு அது நியாயமான செலவு. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேமராவை எடுப்பவருக்கு ஏன்? கிராக் பதிப்பு பற்றிக் கேட்காதீர்கள், பதில் சொல்லமாட்டேன்.

இலவசத்தில் இரண்டு வழிகள். ஒன்று, கேமரா கம்பெனியே தருவது: நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல். மெதுவாக நகரும், பார்க்கவும் பழைய பாணி, ஆனால் கேமரா காட்டிய நிறத்தை அப்படியே தரும். இன்னொன்று டார்க்டேபிள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் பயன்படுத்துவது இதுதான். 8 ஜிபி ராம் இருக்கட்டும், 4 ஜிபியில் தள்ளாடும். கிம்ப் இதற்கு மாற்று அல்ல. அது ஒரு படத்தை ஒட்டி வெட்டி வேலை செய்வதற்கு, நூறு படங்களை வரிசையாகத் திருத்துவதற்கு அல்ல. லேப்டாப்பே இல்லையென்றால் போனில் ஸ்னாப்சீட், அவ்வளவுதான்.

படி 5: ரா கோப்பு ஏன் மங்கலாகத் தெரிகிறது?

இங்கேதான் நிறையப் பேர் டார்க்டேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். என்னையும் வெகுநேரம் மண்டை காய வைத்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கேமராவில் ரா (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மட்டும் எடுக்கிறீர்கள். திரையில் பளிச்சென்று இருக்கிறது. டார்க்டேபிளின் லைட்டேபிள் பக்கத்தில் இறக்குகிறீர்கள், அங்கேயும் பளிச். படத்தை இரட்டைக் க்ளிக் செய்து டார்க்ரூம் பக்கத்துக்குப் போனதும், ஒரு நொடியில் நிறமெல்லாம் இறங்கி, இருட்டடித்து, சோகமாகி நிற்கிறது. திரும்பி லைட்டேபிளுக்கு வந்தால் அங்கிருந்த சின்னப் படமும் மங்கிவிட்டது. "மென்பொருள் என் படத்தைக் கெடுத்துவிட்டது" என்று தோன்றும்.

கெடவில்லை. ரா கோப்புக்குள் சென்சார் பதிவு செய்த எண்களோடு, கேமரா தன் கைவண்ணத்தில் தயாரித்த ஒரு ஜேபெக் படமும் முன்னோட்டமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் முதலில் பார்த்தது அந்த ஜேபெக். அதில் கான்ட்ராஸ்ட், நிற அழுத்தம், கூர்மை எல்லாம் கேமராவே ஏற்றியிருக்கும். நிகானில் இதற்கு பிக்சர் கன்ட்ரோல் என்று பெயர், கேனனில் பிக்சர் ஸ்டைல். டார்க்ரூமில் திறந்தவுடன் அந்த மேக்கப் கலைந்து, சென்சார் எண்களிலிருந்து படம் புதிதாகக் கட்டப்படுகிறது. கம்பெனியின் செய்முறை கம்பெனி மென்பொருளுக்குத்தான் தெரியும்.

நிறம் இறங்கியதற்குக் காரணம் இது. ஆனால் சில படங்கள் மங்கலாக மட்டுமல்ல, நிஜமாகவே இருட்டாகத் திறக்கும். அதற்குக் காரணம் வேறு. நிகானில் ஆக்டிவ் டி-லைட்டிங் ஆன் செய்திருந்தால், வெளிச்சமான பகுதிகளைக் காப்பாற்றக் கேமரா படத்தைக் கொஞ்சம் குறைவாக எக்ஸ்போஸ் செய்து, இருண்ட பகுதிகளை ஜேபெக்கில் மட்டும் தூக்கிவிடும். அந்தத் தூக்கல் மற்ற பல மென்பொருள்களுக்குத் தெரியாது. கேனனில் ஹைலைட் டோன் பிரையாரிட்டியும் இப்படித்தான். இரண்டையும் கேமரா மெனுவில் அணைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதிக்கு, கேமராவை ரா + ஜேபெக் என்று மாற்றி, வீட்டு வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுங்கள். கேமரா ஜேபெக்கைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, டார்க்ரூமில் உள்ள மாட்யூல்களில் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் உள்ள தனிப் பெட்டி) இந்த வரிசையில் போங்கள்:

முதலில் எக்ஸ்போஷர். முகத்தின் வெளிச்சம் ஜேபெக்கோடு ஒத்துப்போகும் வரை ஏற்றுங்கள். ஜன்னல் வெளுத்துப்போகிறதே என்று கவலைப்படாதீர்கள். அடுத்து சிக்மாய்ட், அதில் கான்ட்ராஸ்ட் மட்டும். ஃபில்மிக் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஸ்லைடர்கள் அதிகம், புதியவர்களுக்கு சிக்மாய்டே போதும், எனக்கும் அதுவே போதும். இரண்டையும் சேர்த்து ஆன் செய்யாதீர்கள். மூன்றாவதாக கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி. அதில் தயாராக இருக்கும் பேசிக் கலர்ஃபுல்னஸ் என்ற ப்ரீசெட்டைச் சொடுக்கினாலே படத்துக்கு உயிர் வந்துவிடும்.

திருப்தியானதும் இந்தத் திருத்தங்களை மொத்தமாக டார்க்டேபிளில் ஒரு ஸ்டைலாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஸ்டைலை ஏற்றினால், எல்லாமே நல்ல இடத்திலிருந்து தொடங்கும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு படத்தையும் பூஜ்யத்திலிருந்து திருத்த உட்காருவதால்தான் பலருக்கு ரா அலுத்துப்போகிறது.

இவ்வளவு செய்தும் "கேமரா நிறம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றால் தப்பே இல்லை. என்எக்ஸ் ஸ்டுடியோவுக்குப் போய்விடுங்கள்.

படி 6: மற்ற திருத்தங்கள்

இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் புரொஃபைல்ட் மாட்யூலை ஆன் செய்தால் கேமராவையும் ஐஎஸ்ஓவையும் அதுவே படித்துக்கொள்ளும். லென்ஸ் கரெக்‌ஷன், கிராப் இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை.

திருத்தங்கள் ரா கோப்புக்குள் எழுதப்படுவதில்லை, பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பில் இருக்கும். ஃபோல்டரை மாற்றுவதானால் டார்க்டேபிளுக்குள்ளிருந்தே செய்யுங்கள். வெளியே இழுத்துப் போட்டால் அது கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் மண்டையோட்டுப் படம் காட்டும்.

படி 7: திருத்திய படத்தை மென்பொருளிலிருந்து வெளியே எடுப்பது

ஜேபெக், தரம் 95, நிற வரையறை எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபி பக்கம் போகாதீர்கள், பல போன்களிலும் பிரின்ட் போடும் லேப்களிலும் நிறம் செத்துத் தெரியும். 4×6 அங்குலப் பிரின்டுக்கு 1800×1200 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படம் 12×18 அங்குலத்துக்கே தாராளம். ஆகவே இன்னும் அதிக மெகாபிக்சல் தேடி அலைய வேண்டாம்.

பிரின்ட் இருட்டாக வருகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் திரை. லேப்டாப் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். லேப்பில் "ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் சுருங்காமல் போகும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

டார்க்டேபிளின் கலர் கேலிபரேஷன் மாட்யூலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் தொட்டிருப்பீர்கள். நிறத்தை இரண்டு இடத்தில் திருத்தினால் ஒன்றோடொன்று மோதும். ஒயிட் பேலன்ஸ் மாட்யூலை ரீசெட் செய்து அப்படியே விடுங்கள், மஞ்சள் பல்பு நிறத்தையெல்லாம் கலர் கேலிபரேஷனில் உள்ள பிக்கரால் (படத்தில் ஓர் இடத்தைத் தேர்வு செய்யும் கருவி) வெள்ளைச் சட்டையையோ சுவரையோ தொட்டுச் சரி செய்யுங்கள்.

மிரர்லெஸ் வாங்கிய ஒருவருக்கு மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்ததாம். சைலன்ட் ஷட்டர் ஆனில் இருந்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். சைலன்ட் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கும்போது அந்த மினுக்கல் பட்டையாகப் பதிவாகிறது. அதை அணைத்துவிட்டு, ஆட்கள் அசையாமல் நிற்கும்போது 1/100 அல்லது 1/50-இல் எடுங்கள். ஓடும் குழந்தைக்கு 1/250 வேண்டும் என்றால் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மினுக்கலின் உச்சத்தில் ஷட்டரைத் திறக்கும். இல்லையென்றால் தொடர்ச்சியாக நாலைந்து படங்கள் தட்டி, வெளிச்சம் நன்றாக விழுந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.