விலை கொடுத்து வாங்கிய சாக்லேட்டை வீணாக்கும் வழிகள்

புதுச்சேரியில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காம்பவுண்ட் கட்டியில் கை பழகியவர்கள். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். எப்படி உருக்கினாலும் பெரிதாகக் கோபிக்காது. நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரை போட்ட அசல் சாக்லேட்டை அதே பழக்கத்தில் அடுப்பில் வைத்தால்தான் சிக்கல்.

முதல் எதிரி தண்ணீர். ஈரக் கரண்டி, கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, இரண்டு சொட்டு போதும். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு கொக்கோத் துகளோடு ஒட்டி, மொத்தமும் மணல் மாதிரி கட்டிப்போகும். தூக்கி எறிய வேண்டாம். சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் சாஸாகத் தேறும், அச்சில் ஊற்றத்தான் உதவாது. வெல்லப்பாகு விட்டாலும் இதே கதிதான். வெல்லம்தான் வேண்டுமென்றால் தேங்காய்ப்பாலில் கரைத்து, வடிகட்டி, சூடாகச் சாக்லேட்மேல் ஊற்றுங்கள். கனாஷ், அதாவது கேக்மேல் பூசும் வழவழப்பான சாக்லேட் கலவை, அருமையாக வரும்.

அடுத்தது வெயில். டார்க் சாக்லேட் பளபளப்பாக இருந்து, டக்கென்று உடைய வேண்டுமானால் 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் உருக்கி, 27-28க்கு ஆறவிட்டு, மறுபடி 31-32க்கு ஏற்ற வேண்டும். மே மாதத்தில் நம் சமையலறையே அந்தச் சூட்டைத் தாண்டி நிற்கும். ஏசி அறையோ விடியற்காலையோதான் வழி. சரி, ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்றால், வெளியே எடுத்ததும் கடற்கரைக் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து, சர்க்கரை வெள்ளையாகப் பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, குளிர் முழுக்கப் போன பிறகே திறக்க வேண்டும். பூத்தது பூஞ்சை இல்லை, கேக்கில் தாராளமாகப் போடலாம்.

முத்திரையைத் தப்பாகப் புரிந்துகொள்வது இன்னொன்று. ஃபேர்டிரேட் என்றால் இயற்கை விவசாயம் என்றோ சுவை கூடுதல் என்றோ பொருள் இல்லை. அது பணம் பற்றியது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது, பெரும்பாலும் சிறு விவசாயிகளின் நிலத்தில். குழந்தைத் தொழிலாளர் கொடுமையை ஒழிப்பதாகப் பெரிய நிறுவனங்கள் 2001இல் ஹார்கின்–ஏங்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கெடு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சந்தை விழுந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை, அதற்கு மேல் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கூடுதல் தொகை என்பதே ஃபேர்டிரேட் ஏற்பாடு. 2019 அக்டோபரில் அந்தக் கூடுதல் தொகை டன்னுக்கு 240 டாலரானது. முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபேர்டிரேட் விவசாயியின் கொட்டை ஆலையில் மற்றதோடு கலந்திருக்கலாம், அவரிடம் வாங்கிய அளவுக்கு ஈடாகத்தான் முத்திரையோடு விற்கிறோம் என்று இருக்கும். எனக்கு இது ஏமாற்றாகத் தெரியவில்லை. காசு அவருக்குப் போய்ச் சேர்கிறது.

முத்திரை இல்லாததெல்லாம் அநியாயம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ தென்னிந்தியத் தோட்டங்களின் கொக்கோவில்தான் சாக்லேட் செய்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகவே கொக்கோ நிற்கிறது. யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடமே கேட்கலாம்.

அப்புறம் எசன்ஸ். கொக்கோக் காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டைகளைக் குவித்து, வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். சாக்லேட் மணத்துக்கு அங்கேதான் அடித்தளம். அதன்மேல் வெனிலாவும் ஏலக்காயும் கொட்டினால் எந்தக் கட்டி வாங்கினாலும் ஒன்றுதான். 70 சதவீதக் கட்டியில் சர்க்கரை குறைவு என்பதால், பழைய குறிப்பில் அதைப் போட்டால் கேக் கசக்கும். மாவில் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.