கருமெருகு லெகிதோஸ்: கிரேக்க எண்ணெய்க் குடுவையை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பண்டைக் கிரேக்கர் எண்ணெயும் நறுமணத் தைலமும் வைத்துக்கொண்ட ஒற்றைக் கைப்பிடிக் குடுவைக்கு லெகிதோஸ் என்று பெயர். அதில் பருத்த வயிறும் அகன்ற அடியும் கொண்ட குட்டை வகை, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 4ஆம் நூற்றாண்டிலும் ஏதென்ஸில் பெருவழக்காக இருந்தது. உருவம் எதுவும் தீட்டாமல் முழுவதும் கருமையாக விடப்பட்ட ‘கருமெருகு’க் குடுவைகள், ஓவியக் கலங்களைவிட விலை குறைந்தவை என்பதால், சேகரிப்பைத் தொடங்குபவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இவைதான்.

படி 1: ஆவணத்தைக் கேளுங்கள்

கலத்தைத் தொடுவதற்கு முன்பே, அது எந்த ஆண்டில் எந்த நாட்டில் யாரிடம் இருந்தது என்பதைக் காட்டும் பழைய ஏலப் பட்டியல், ரசீது, ஏற்றுமதி உரிமம் ஆகியவற்றைக் கேளுங்கள். களவுத் தொல்பொருள் வணிகத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானதால், அதற்கு முற்பட்ட சான்று இருக்கிறதா என்பதையே பலரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். ‘பழைய ஐரோப்பியத் தொகுப்பு’ என்ற ஒற்றை வரி என் கணக்கில் ஆவணமே அல்ல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் ஏறத்தாழ பத்து லட்சம் டாலருக்கு வாங்கிய, பண்டைக் கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியோஸ் தீட்டிய கலம்கூட 2008இல் இத்தாலிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

படி 2: கருமையைப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இந்தக் கருமை சாயமும் அல்ல, கண்ணாடி மெருகும் அல்ல. கலம் செய்த மண்ணைப் போன்ற இரும்புச்சத்துள்ள களிமண்ணையே நீரில் கரைத்துத் தெளியவிட்டு, அதன் மிக நுண்ணிய வண்டலை மட்டும் குழம்பாக எடுத்துப் பூசினார்கள். சூளையில் முதலில் காற்றை விட்டு எரித்தபோது கலமும் பூச்சும் சிவந்தன. பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகிட்டு, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் புகையவிட்டபோது இரண்டும் கறுத்தன. கடைசியாகக் காற்றை மீண்டும் திறந்தபோது, நுண்துளைகள் உள்ள உடல் மட்டும் மறுபடி சிவக்க, உருகி இறுகிவிட்ட பூச்சு காற்றை உள்ளே விடாமல் கருமையாகவே நின்றது.

ஆகவே உண்மையான கலத்தில் கருமை ஒரே சீராக இருப்பது அரிது. பூச்சு மெலிந்த இடங்களிலும், சூளையில் பக்கத்துக் கலம் ஒட்டி நின்ற இடங்களிலும் செம்பழுப்புத் திட்டுகள் தெரியும். சாய்வான ஒளியில் பிடித்தால் சக்கரம் சுழன்ற கோடுகளும் தூரிகைத் தடங்களும் புலப்படும். எங்கும் ஒரே தடிப்பில், பிளாஸ்டிக் போல மின்னும் கருமையைக் கண்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

படி 3: வாயும் கழுத்தும்

வாயையும் கழுத்தையும் தனியாக வனைந்து உடலோடு ஒட்டுவது வழக்கமாதலால், உடைவது பெரும்பாலும் அந்த ஒட்டில்தான். எண்ணெய் சொட்டுச் சொட்டாக வருவதற்காகவே குறுக்கப்பட்ட கழுத்து அது. வேறொரு குடுவையின் வாயைப் பொருத்தியிருக்கிறார்களா என்று லென்ஸ் கொண்டு பாருங்கள்.

படி 4: அடியைத் திருப்புங்கள்

பூச்சில்லாத அடிவளையம் மண்ணின் நிறத்தைக் காட்டும். ஏதென்ஸ் மண் செம்மஞ்சள் சாயலுடையது. தென்னித்தாலியக் கலங்களின் மண் பெரும்பாலும் அதைவிட வெளிறியிருக்கும். வளையத்தின் தரைபடும் விளிம்பில் இயல்பான தேய்மானம் இருக்க வேண்டும். பழமையாகக் காட்டுவதற்காகப் பிசின் கலந்து அப்பிய மண் நகம் பட்டால் துண்டாகப் பெயரும். நெடுங்காலம் புதைந்திருந்ததால் படிந்த சுண்ணாம்புப் படலம் அவ்வளவு எளிதில் விடாது.

படி 5: பழுதும் பரிசோதனையும்

இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால், பிற்காலப் பசையும் வண்ணமும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். பழுதுபார்த்த கலத்தை வாங்குவதில் குற்றமில்லை, அதை மறைத்து விற்பதில்தான் குற்றம். விலை கூடிய கலமானால் வெப்ப ஒளிர்வுச் சோதனை செய்யலாம். மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை அது ஏறத்தாழக் காட்டும். ஆனால் சோதனைக்கு மண் எடுக்கத் துளையிட்ட இடத்தைப் பற்றி மட்டுமே அது பேசும். பழைய ஓடுகளைச் சேர்த்துப் புதிதாக ஒட்டிய கலமும் அதில் தேறிவிடக்கூடும்.

வாங்கிய பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் இரு கைகளாலும் வயிற்றைத் தாங்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிடவும் வேண்டாம்: சுவரில் ஊறிய எண்ணெயின் எச்சம் இன்னும் இருந்தால், ஆய்வகம் அதைக் கண்டறிய முடியும்.