ஏர் ஃப்ரையரில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்: துவளாமல், மொறுமொறுவென்று வர

கடையில் விற்கும் உறைந்த ஃப்ரைஸ் பாக்கெட்டைப் பிரித்து ஏர் ஃப்ரையரில் கொட்டினால் ஒரு தொல்லையும் இல்லாமல் மொறுமொறுவென்று வந்துவிடுகிறது. வீட்டுக் கிழங்கை நறுக்கிப் போட்டாலோ நுனி கருகி, நடு சொதசொதவென்று, கையில் எடுத்தால் துவண்டு தொங்குகிறது. குற்றம் மெஷினுடையது அல்ல. பாக்கெட்டில் வருவது ஏற்கெனவே முக்கால்வாசி சமைத்த பண்டம். தொழிற்சாலையிலேயே வெந்நீரில் அவித்து, உலர்த்தி, எண்ணெயில் ஒரு தடவை பொரித்து, அதற்குப் பிறகுதான் உறைய வைக்கிறார்கள். அவிப்பதையும் உலர்த்துவதையும் நாம் வீட்டில் ஒழுங்காகச் செய்துவிட்டால் மிச்சத்தை ஏர் ஃப்ரையர் பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டையும் தாண்டிக் குதிப்பதால்தான் வினை.

இங்கே சொல்லும் அளவெல்லாம் 4 லிட்டர் கூடைக்கு, 400 கிராம் கிழங்குக்கு. இரண்டு பேர் மாலையில் கொறிக்கலாம்.

கிழங்கு

எந்தக் கிழங்கு என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஃப்ரைஸுக்கு மாவுச்சத்து அதிகமாகவும் நீரும் சர்க்கரையும் குறைவாகவும் உள்ள கிழங்கு வேண்டும். தோல் கையால் தேய்த்தாலே உரியும் புதுக்கிழங்கில் நீர் அதிகம். அது குருமாவுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

சர்க்கரை விஷயம் இன்னும் முக்கியம். வட இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டும் கிழங்கைக் குளிர்கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் அடுக்கிவைத்து, அக்டோபர், நவம்பர் வரைக்கும் விற்பார்கள். அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் மழைக்காலத்தில் வாங்கும் கிழங்கில் வறுவல் செய்தால்கூட லேசாகத் தித்திக்கும். ஃப்ரைஸ் போட்டால் உள்ளே வேகும் முன்னே வெளியே காப்பிப்பொடி நிறம் வந்துவிடும். வெப்பத்தைக் குறைத்தாலும் பயன் இல்லை. மொறுமொறுப்பு வராமல் நிறம் மட்டும் வரும்.

செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் அதை வாங்குங்கள். நீலகிரியில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் எடுப்பதால், மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்காத சரக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். விலை கூடத்தான். பெரிய ஊர்களில் சில கடைகளில் ‘லோ சுகர்’ என்று எழுதி விற்பது பெரும்பாலும் சிப்ஸுக்கென்றே உருவாக்கிய சிப்சோனா போன்ற ரகங்கள். 1998இல் வெளியான ரகம் அது. ஃப்ரைஸுக்கும் தாராளமாக ஆகும். இரண்டும் கிடைக்காவிட்டால், வாங்கிய கிழங்கைச் சமையலறையில் இருட்டான மூலையில், காற்றாட, இரண்டு வாரம் போட்டுவையுங்கள். அறை வெப்பத்தில் சேர்ந்த சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்துபோகும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். தோல் பச்சை பாய்ந்தது, கசப்பது எதுவானாலும் குப்பைக்கு.

கையில் இருக்கும் கிழங்கு தேறுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் தூள் உப்பைக் கரையுங்கள். அதில் முழுக்கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து நிறைந்த கிழங்கு, ஃப்ரைஸுக்கு எடுக்கலாம். மிதந்தால் நீர்க்கிழங்கு, பொரியலுக்கு ஒதுக்குங்கள். விதைநெல்லை உப்புக் கரைசலில் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளி எறிந்துவிட்டு மூழ்கிய நெல்லை விதைப்பார்களே, அதே கணக்குத்தான்.

நறுக்குதல்

தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நீட்டுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஆள்காட்டி விரலின் முக்கால் பருமன் இருக்கலாம். வேகும்போது சுருங்கும் என்பதால் இதைவிட மெல்லியதாக நறுக்கினால் கடைசியில் குச்சியாகத்தான் மிஞ்சும். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பதுதான் முக்கியம்; நீளம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. கிழங்கின் ஒரு பக்கத்தை முதலில் சீவித் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தைப் பலகையில் படியவைத்து நறுக்கினால் வழுக்காது.

அழுத்தினால் மொத்தமாக வெட்டித் தள்ளும் பிளாஸ்டிக் ஃப்ரைஸ் கட்டர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். கெட்டியான கிழங்குக்குக் கம்பி வளைந்துவிடும். அதில் வெட்டுவதும் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்குள். நல்ல கத்தி ஒன்று போதும்.

நறுக்கியதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அலசுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் மாவு போகாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், திட்டுத்திட்டாகக் கருகும். தண்ணீர் அரிசி கழுவிய நீர்போலக் கலங்காமல் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு அரை மணி நேரம் ஊறட்டும். குளிர்கிடங்குக் கிழங்கு என்று சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரம்; மேலாக உள்ள சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும்.

அவித்தல்

ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் ஊற்றி, துண்டுகளைப் போடுங்கள். மீண்டும் கொதி வந்ததும் தீயைக் குறைத்து 5 நிமிடம். வினிகர் வாசனைக்காக அல்ல. கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பான தண்ணீரில் சட்டென்று கரையாது. அதனால் உள்ளே வெந்தாலும் துண்டு உடையாமல் நிற்கும். வினிகர் இல்லாமல் 5 நிமிடம் அவித்தால் வடிகட்டும்போதே பாதி மசியும். சிலர் சமையல் சோடா போடச் சொல்வார்கள். அது இதற்கு நேர் எதிர் வேலை செய்யும்: மேற்பரப்பைக் கரைத்துச் சொரசொரப்பாக்கும். பெரிய துண்டுகளாக ரோஸ்ட் செய்ய அது நல்லது, மெல்லிய ஃப்ரைஸுக்கு வேண்டாம்.

பதம் எப்படித் தெரியும்? ஒரு துண்டை எடுத்து இரு முனையையும் பிடித்து மெல்ல வளையுங்கள். லேசாக வளைந்து, முறியாமல் நின்றால் சரி. படக்கென்று ஒடிந்தால் இன்னும் ஒரு நிமிடம். வளைக்கும் முன்பே விரலில் குழைந்தால் அளவு தாண்டிவிட்டது. அதை மசியலாக்கிவிட்டு அடுத்த தடவை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

உலர்த்துதல்: எல்லோரும் தவறுவது இங்கேதான்

துணியில் ஒற்றி எடுத்தேன், அப்புறமும் துவண்டுவிட்டது என்பவர்கள் ஒற்றிய நேரம் அரை நிமிடம் இருக்கும். எண்ணெய்ச் சட்டியில் ஈரம் ஒரு பொருட்டல்ல. சூடான எண்ணெய் துண்டைச் சுற்றி முழுக்கத் தழுவிக்கொண்டு வெப்பத்தைக் கொட்டும். ஈரம் நொடியில் ஆவியாகும். ஏர் ஃப்ரையரில் அந்த வேலையைச் செய்வது வெறும் காற்று. பெயரில் ஃப்ரையர் இருந்தாலும் உள்ளே நடப்பது சின்ன அவனில் விசிறி போட்டு வாட்டுவதுதான். காற்று கொண்டுவரும் வெப்பம் கொஞ்சம், தண்ணீர் ஆவியாகக் கேட்கும் வெப்பமோ அதிகம். மேலே ஈரம் இருக்கும் வரை துண்டின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நிறமும் மொறுமொறுப்பும் அதற்கு மேல்தான் பிறக்கும். முதல் பத்து நிமிடம் இப்படி ஈரத்தை விரட்டுவதிலேயே போனால், கிழங்கு பொரியாது, அவியும்.

ஆகவே: வடிகட்டியதும் சூடு ஆறவிடாமல் துண்டுகளைப் பெரிய பருத்தித் துணியில், ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பழைய வேட்டித் துணி மிக நன்று. டிஷ்யூ பேப்பர் சூட்டில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். துண்டின் சொந்தச் சூடே ஈரத்தை ஆவியாக்கித் தள்ளும். 5 நிமிடம் கழித்துப் புரட்டுங்கள், மேலும் 10 நிமிடம் விடுங்கள். உலர்ந்ததும் பார்த்தால், அவித்தபோது கண்ணாடிபோல மினுங்கிய துண்டு மங்கலாகி, மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு பூசினாற்போல இருக்கும். ஓரங்கள் லேசாகச் சொரசொரக்கும். தொட்டால் விரல் ஒட்டக் கூடாது. இந்த நிலை வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில், அதுவும் மழை நாளில், விசிறி மட்டும் போதாது. எண்ணெய் தடவாமல் கூடையில் போட்டு 80 டிகிரியில் 5 நிமிடம் ஓட்டுங்கள். அல்லது தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஃப்ரிட்ஜ் ஆகாது என்றது பச்சைக் கிழங்குக்கு. அவித்த கிழங்கில் சர்க்கரை சேராது.

மாவும் எண்ணெயும்

உலர்ந்த துண்டுகளை அகலப் பாத்திரத்தில் போட்டு இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு தூவிப் புரட்டுங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கையால் பிசிறுங்கள். வெள்ளை மாவு எங்கும் கண்ணில் படக் கூடாது. எண்ணெய் படாத மாவு கடைசி வரை பச்சையாகவே இருக்கும். எண்ணெயை முதலில் ஊற்றி மாவை அப்புறம் தூவினால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். கார்ன்ஃப்ளாரும் போடலாம், ஆனால் ஆறிய பிறகும் மொறுமொறுப்பு நிற்பது அரிசி மாவில்தான். முறுக்கு சுடும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெயே இல்லாமல் செய்யலாம் என்று விளம்பரம் சொல்லும். செய்யலாம், காய்ந்த கிழங்குதான் வரும். ஒரு மேசைக்கரண்டிக்குக் கஞ்சப்பட வேண்டாம். ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சரி. செக்கு எண்ணெய் 200 டிகிரியில் புகையும். கேனில் வரும் ஸ்ப்ரே எண்ணெயைக் கூடையில் அடிக்காதீர்கள். அதில் உள்ள லெசித்தின் சூட்டில் பிசின்போலப் படிந்து, கோட்டிங்கோடுதான் கிளம்பும்.

உப்பு, மிளகாய்த்தூள் எதுவும் இப்போது வேண்டாம். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும்.

கூடையில்

இயந்திரத்தை 180 டிகிரியில் 3 நிமிடம் வெறுமையாகச் சூடாக்குங்கள். துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அங்கங்கே ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் பரவாயில்லை, குவியலாகக் கூடாது. அடியில் சிலிக்கான் தட்டோ பட்டர் பேப்பரோ போடுவது கழுவும் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் கீழிருந்து காற்று வரும் ஓட்டையை எல்லாம் அது அடைத்துவிடும். மீன் வறுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம்.

180 டிகிரியில் 10 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கல். அடுத்து 200 டிகிரியில் 5 முதல் 7 நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு குலுக்கல். முதல் கட்டத்தில் உள்ளே உள்ள ஈரம் வடிகிறது, இரண்டாவதில் மேல்தோல் இறுகுகிறது. எடுத்ததுமே 200 வைத்தால் தோல் முந்திக்கொண்டு சிவந்துவிடும். உள்ளே அடைபட்ட நீராவி தட்டில் வந்த பிறகு வெளியேறித் தோலை நமக்கச் செய்யும்.

நேரத்தைவிடக் காதை நம்புங்கள். பாதி வெந்த ஃப்ரைஸைக் குலுக்கினால் பொதபொதவென்று விழும். தயாரானது சருகைக் குலுக்கியதுபோலச் சலசலக்கும். நிறம் பொன்னிறமே போதும். அடர்பழுப்பு வரை விட்டால் கசப்பதோடு அக்ரிலமைடும் கூடும். மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் சிவக்க வறுத்தால் உண்டாகும் அந்த வேண்டாத பொருளை 2002இல்தான் சுவீடனில் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

400 கிராமுக்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். இரண்டாவது ஈடு முடிந்ததும் முதல் ஈட்டையும் அதோடு சேர்த்து 200இல் இரண்டு நிமிடம் ஓட்டினால் எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும். இன்னொன்று, 1400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மிக்ஸி செருகும் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டாதீர்கள்; பவர் பிளக்கில் மாட்டுங்கள்.

வெளியே எடுத்த நொடியே உப்பு. மேலே எண்ணெய்ப் பசை இருக்கும்போதுதான் ஒட்டும். தூள் உப்பையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி மாவாக்கிக்கொண்டால் கீழே கொட்டாமல் பிடிக்கும். மிளகுத்தூள், சாட் மசாலா, இட்லிப்பொடி எல்லாம் இப்போதுதான்.

பிற்சேர்க்கை: மறுபடி மறுபடி வரும் சிக்கல்கள்

நுனி கருகி நடு வெளுத்தால் துண்டுகள் ஒரே கனத்தில் இல்லை, அல்லது கூர்முனைத் துண்டுகள் கலந்திருக்கின்றன. முழுவதும் பழுப்பாகி மொறுமொறுப்பே இல்லையென்றால் கிழங்கில் சர்க்கரை. வெளுத்து, காய்ந்து, அட்டைபோல இருந்தால் எண்ணெய் போதவில்லை.

கதவு திறக்கும் அவன் மாதிரி ஏர் ஃப்ரையரில் குலுக்க முடியாது. கம்பித் தட்டில் பரப்பி, 10ஆவது நிமிடத்தில் இடுக்கியால் புரட்டுங்கள். இரண்டு தட்டு வைத்தால் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இடம் மாற்ற மறக்காதீர்கள்.

அவிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஊறவைத்துத் துடைத்த பச்சைத் துண்டுகளையே 160இல் 14 நிமிடம், 200இல் 7 நிமிடம் வைக்கலாம். சாப்பிடும்படி இருக்கும். மேல்தோல் மெல்லியதாகத்தான் வரும், பத்து நிமிடத்தில் நமத்தும் போகும்.

பள்ளிக்கூட டப்பாவில் அடைத்துக் கொடுப்பதற்கு இது ஏற்ற பண்டமே இல்லை. மூடியதும் நீராவி உள்ளேயே சுற்றும்.

மொத்தமாகச் செய்து வைக்க விரும்பினால் அவித்து உலர்த்தி, எண்ணெயில் பிசிறிய நிலையில் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கல்லானதும் ஜிப் பைக்கு மாற்றலாம். உறையும்போது பனித்துகள்கள் செல்சுவரைக் கிழித்துவிடுவதால் உள்பக்கம் இன்னும் பஞ்சுபோல வரும். எடுக்கும்போது உருக விடாதீர்கள். பையிலிருந்து நேராகச் சூடான கூடைக்கு, 200 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம்.