பம்ப்செட்டை மறைக்காதீர்கள்: கடற்படைப் பொறியியல் அதிகாரித் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்படையின் பொறியியல் பிரிவில் குறுகிய காலப் பணி முடித்து ஊர் திரும்பியதிலிருந்து, மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பட்டதாரிகள் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. (சேவைகள் தேர்வு வாரியம்) தேர்வுக்கு அழைப்பு வந்தவர்கள், போய்த் திரும்பியவர்கள், எதற்கு விண்ணப்பித்தோம் என்றே தெரியாதவர்கள் என மூன்று வகை. அவர்கள் சறுக்கும் இடங்களில் பாதி, அந்த வயதில் நானும் சறுக்கியவைதான். பிறந்த தேதியைப் பிழையாக நிரப்புவது, சான்றிதழ் நகலை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அறிவிக்கையை ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் அவை தீர்ந்துவிடும்.

வணிகக் கப்பலையும் கடற்படையையும் குழப்புவது

வணிகக் கப்பலில் பொறியாளராக விரும்பும் இயந்திரவியல் பட்டதாரி, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சியைப் பெரும்பாலும் சொந்தச் செலவில் முடிக்க வேண்டும். நல்ல பாதைதான், ஆனால் வேறு பாதை. இந்தியக் கடற்படையில் சேர யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. தேர்வானவர் கேரளத்தின் ஏழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் சப் லெப்டினன்டாகச் சேர்கிறார். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு, அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். "நேவியில் சேர்த்துவிடுகிறேன், இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று ஒருவர் உங்கள் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அக்னிவீருக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது

அது மாலுமிகளுக்கான நுழைவு. அதிகாரிக்கு வழி வேறு.

60 சதவீதம் போதும் என்ற நிம்மதி

அது விண்ணப்பிப்பதற்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. பட்டப்படிப்பு மதிப்பெண்களைச் சமன்செய்து வரிசைப்படுத்தித்தான் எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கிறார்கள். கடைசி ஆண்டில் விழித்துக்கொள்பவருக்கு இந்த வரிசையில் இடம் கிடைப்பது கடினம்.

பி.ஐ.க்யூ. படிவத்தில் வேறொருவராக மாறுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் வடிகட்டலில் தேறாதவர் அன்றே பெட்டியைத் தூக்க வேண்டும். தேறியவருக்கு உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல். அங்கே நிரப்பும் தன்விவரப் படிவத்தைத்தான் பி.ஐ.க்யூ. என்கிறார்கள். வளர்ந்த ஊர், பெற்றோரின் தொழில், வருமானம், விளையாட்டு, பொழுதுபோக்கு, ஏற்ற பொறுப்புகள் எல்லாம் அதில் இருக்கும். நேர்காணல் அதிகாரி அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேள்வியைத் தொடங்குவார்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மாணவர் ஒருவர் திரும்பி வந்தார். அப்பாவின் தொழிலாக 'பிசினஸ்' என்று எழுதியிருக்கிறார். அப்பா மூன்று ஏக்கர் குறுவை, சம்பா சாகுபடி செய்பவர். பொழுதுபோக்கு, புகைப்படக் கலை. அதிகாரி லென்ஸின் துளை அளவைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. அதே மாணவர், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்சாரம் இல்லாமல் ஊரே தவித்தபோது, பதினொன்றாம் வகுப்புப் பையனாக, வாடகை ஜெனரேட்டரைத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரோடு இணைக்கும் வேலையில் பெரியவர்களுக்குச் சமமாக நின்றவர். தெருத்தெருவாகத் தண்ணீர் விடும் நேரத்தைப் பிரித்துக்கொடுத்ததும் அவர்தான். இது எதுவும் படிவத்தில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதையெல்லாம் எழுதினால் மட்டமாக நினைப்பார்கள் என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள், சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

நம் வயல்களில் ஒரு காட்சி உண்டு. உறிஞ்சு குழாயின் அடியில் நீரைத் தக்கவைக்கும் ஃபுட் வால்வு ஒழுகினால் பம்ப்செட்டில் நீர் நிற்காது. சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், நார் போய்க் கசிவை அடைக்கும், மோட்டார் இழுக்க ஆரம்பிக்கும். இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, காற்று நிரம்பிய மையவிலக்குப் பம்ப் ஏன் நீரை இழுக்காது என்பதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. வளிமண்டல அழுத்தம் நீரை ஏறத்தாழ 10.3 மீட்டருக்கு மேல் தள்ளாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே உறிஞ்சல் திணறும். நிலத்தடி நீர் இறங்கியபோது பம்ப்பையும் குழிக்குள் இறக்கி வைத்த விவசாயிகள் இந்தக் கணக்கைக் கையால் போட்டவர்கள். கப்பலில் கடல்நீரால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்ப்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பதன் பின்னாலும் இதே கணக்குதான். இயந்திரவியல் பட்டதாரியிடம் அதிகாரி பாடத்திலிருந்தும் கேட்பார். அப்போது வயலிலிருந்து பேச்சைத் தொடங்குபவர், அடுத்த பத்து நிமிடத்தைத் தனக்குத் தெரிந்த இடத்திலேயே ஓட்டலாம்.

உளவியல் தேர்விலும் இதே கதைதான். படத்தைப் பார்க்க 30 விநாடி, கதை எழுத நான்கு நிமிடம். இப்படிப் பன்னிரண்டு, அதில் ஒன்று வெற்றுத்தாள். பிறகு 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்களுக்கு வாக்கியம், அரை மணியில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில். இந்த வேகத்தில் மனப்பாடக் கதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். என்னிடம் வந்த பயிற்சித் தாள்களில் நாயகன் எப்போதும் தீவிரவாதியைப் பிடிக்கிறான். கொள்ளிடக் கரை உடைப்பில் மணல் மூட்டை அடுக்கியவர்கள் பிறந்த மண்ணில், ஒருவர்கூட அதை எழுதவில்லை. படிவம் ஒரு ஆளையும் கதைகள் இன்னொரு ஆளையும் காட்டினால், உளவியலாளருக்கும் நேர்காணல் அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மறுமுறை போகலாம் என்பீர்கள். போகலாம். ஆனால் வயது வரம்பு 25-ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மாதங்கள் கரைகின்றன.

ஆங்கிலத்தை அலங்கரிப்பது

தமிழ்வழியில் படித்தவர்கள் குழு விவாதத்துக்காகக் கனமான சொற்களை நெட்டுருப் போடுகிறார்கள். எளிய வாக்கியம், எல்லாருக்கும் கேட்கும் குரல், மற்றவர் பேசும்போது காது. இவ்வளவு போதும்.

கண்ணைக் கடைசியில் சோதிப்பது

மருத்துவப் பரிசோதனை, தேர்வில் தேறிய பிறகுதான் வரும். நிறக்குருடு இருந்தால் கண்ணாடியோ அறுவையோ அதைச் சரிசெய்யாது. ஒரு கண் மருத்துவரிடம் இஷிஹாரா சோதனையை இன்றே செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலை.

நீச்சல்

காவிரியில் குதித்தவர் என்ற பெருமை ஏழிமலையில் செல்லாது. முறையாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

லோனாவாலாவில் கடலைத் தேடுவது

பொறியியல் அதிகாரிகளின் தொழில்நுட்பப் பயிற்சி, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைத் தளத்தில். அது மலையூர். கடல் பிறகு வரும், வேண்டிய மட்டும்.

டிக்கெட்டைத் தூக்கி எறிவது

ஒரு வகை அதிகாரி நுழைவுக்கு முதல் முறையாக எஸ்.எஸ்.பி. செல்பவருக்கு ஏ.சி. மூன்றடுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டையும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகலையும் பையில் வையுங்கள்.