புனலூர் தூக்குப் பாலத்துக்குச் செங்கோட்டையிலிருந்து எப்படிப் போகலாம்

கேரளத்துப் புனலூரில் இருக்கிற இந்தப் பாலத்தை எங்கள் செங்கோட்டைப் பக்கம் தொங்கு பாலம் என்று யாரும் சொல்வதில்லை. மலையாளத்தில் சொல்வதுபோலத் தூக்குப் பாலம்தான். காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். என் தாத்தாவுக்குக் கொல்லம் வெளியூர்ச் சந்தை இல்லை, சொந்தச் சீமைச் சந்தை. அரிசியும் வற்றலும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் கோட்டைவாசல் கணவாய் தாண்டிப் போவார். புனலூரில் கல்லடையாற்றைக் கடக்க அந்தப் பாலம்தான் வழி.

செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 50 கிலோமீட்டர். போகும்போது பஸ், வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கும். ஆரியங்காவு கடந்து கழுதுருட்டி வரும்போது தூங்கிவிடாதீர்கள். சாலையை ஒட்டியே பதிமூன்று கண் ரயில் பாலம் நிற்கும். பிறகு தென்மலை, இடமண், புனலூர். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் இறங்குவதுபோல் கிளம்பினால் வெயில் ஏறுமுன் நிதானமாகப் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். போகிற வழியில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுப் போனால் அவசரம் வராது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள். புனலூரில் தெரிந்தவர் இருந்தால், பாலம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு முறை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பழுதுபார்க்கும் வேலை என்று கதவைப் பூட்டியிருந்தார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். மூட்டுவலியோடு அவ்வளவு தூரம் வந்தவர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

போனதும் நேரே தூக்குப் பாலத்தில் ஏறிவிடாதீர்கள். பக்கத்திலேயே வண்டிகள் போகிற கான்கிரீட் பாலம் இருக்கிறது. முதலில் அதன் ஓரமாக நடந்து நடுவில் நில்லுங்கள். அங்கிருந்துதான் பழைய பாலம் முழுசாகத் தெரியும். இரு கரையிலும் கல் கோபுரங்கள். அவற்றின் தலையில் ஏறி, ஆற்றின் நடுவே தாழ்ந்து, மறுபடி ஏறுகிற இரும்புச் சங்கிலிகள். நீளம் சுமார் 400 அடி. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. மழைக்காலத்தில் கல்லடையாறு செம்மண் கலங்கிப் பெருகி ஓடும்போது பார்த்தால், நடுவில் தூண் நட வேண்டாம் என்று ஏன் நினைத்தார்கள் என்பது தானாகப் புரியும்.

இனி பழைய பாலத்துக்கு வாருங்கள். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டியது. 1877இல் வேலை முடிந்து, 1880இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். திருவிதாங்கூரில் ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். பாலத்தின் உறுதியைக் காட்ட யானைகளை மேலே நடத்திவிட்டு, ஹென்றி குடும்பத்தோடு கீழே படகில் உட்கார்ந்திருந்தார் என்று ஊரில் கதை சொல்வார்கள். என் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொன்னேன். உங்களோடு பிள்ளைகள் வந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

நடக்கும்போது செல்போனைப் பையில் வைத்துவிட்டு இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, சங்கிலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நம் வீட்டு ஊஞ்சல் சங்கிலி மாதிரி வளையம் வளையமாக இருக்காது. தட்டையான இரும்புப் பட்டைகளை அடுக்கி, முனையில் துளையிட்டு, தடித்த ஆணி கோத்து ஒன்றோடொன்று பூட்டியது. அதிலிருந்து வரிசையாகக் கம்பிகள் இறங்கிப் பாலத்தின் தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. சங்கிலி கோபுரத்தைத் தாண்டிக் கரைப்பக்கம் இறங்கி மண்ணுக்குள் போகும். அங்கே கிணறு தோண்டி, அதற்குள் நங்கூரமிட்டிருக்கிறார்கள். மொத்தம் நான்கு கிணறு. ஒவ்வொன்றும் 100 அடி ஆழம் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். பலரும் நடுப்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கோபுரத்துக்குப் பின்னாலும் போய், சங்கிலி மண்ணில் இறங்குகிற இடத்தைப் பாருங்கள். பாரத்தைக் கோபுரங்கள் தாங்க, சங்கிலியின் இழுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிற இடம் அது.

இரண்டாவது, பலகை. கம்பகம் என்று மலையாளத்தில் சொல்லுகிற மரம். நீரையும் கரையானையும் தாங்கும். நடுவில் அசையாமல் நின்றால், எதிரே ஒருவர் நடந்து வருவது உள்ளங்காலில் தெரியும். இடுக்கு வழியே கீழே தண்ணீர் ஓடுவதும் தெரியும். தாத்தா சொல்வார், பலகையில் குளம்பு பட்டுப் பொந்துச் சத்தம் கேட்டதும் இடத்து மாடு மிரண்டு நின்றுவிடுமாம். இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அக்கரை வரை நடப்பாராம். கான்கிரீட் பாலம் வந்த பிறகு இதில் வண்டி ஏறுவதில்லை. நடப்பவர்களுக்கு மட்டும்தான். பலகை மழையில் வழுக்கும். பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள். கேரளத் தொல்லியல் துறை காக்கிற சின்னம் இது. கம்பியில் ஏறுவதும் பெயர் கிறுக்குவதும் வேண்டாம்.

பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புனல், ஊர். அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

திரும்ப ரயில். 1904இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை எடுத்துவிட்டு, அகலப்பாதையாக்கி, 2018இல் முழுவதும் திறந்தார்கள். வண்டிகள் குறைவு, அதனால் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு பாலத்திலிருந்து கிளம்புங்கள். மலையும் குகையும் ரயிலில் அருமையாக இருக்கும். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் மட்டும் சரியாகத் தெரியாது, அதன் மேலேயே அல்லவா போகிறோம். போகும்போது பஸ் என்றது அதற்காகத்தான்.