அமெரிக்கன் ஃபுட்பால் மன்றத்தில் ஆண்டு விருதுகளை முடிவு செய்வதும் வழங்குவதும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு விளையாட்டு மன்றம் ஆண்டு விழா எடுக்கிறது என்றால், அது பெரும்பாலும் கபடி மன்றமாகவோ கிரிக்கெட் மன்றமாகவோ இருக்கும். அங்கே சிறந்த ரைடர் யார், சிறந்த பந்துவீச்சாளர் யார் என்பதைத் திடலோரம் நின்று பார்த்தவர்களே சொல்லிவிடுவார்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் யார் எத்தனை காளைகளை அணைத்தார் என்ற கணக்கும் சுற்றுக்குச் சுற்று கூட்டத்துக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலில் அந்த வசதி கிடையாது. பக்கத்துக்குப் பதினொரு பேர் ஆடும் இந்த ஆட்டத்தில், தாக்கும் அணியின் நடுவே வரிசையாக நிற்கும் ஐந்து லைன்மேன்கள் ஒரு பருவம் முழுவதும் பந்தைச் சுமந்து ஓர் அடிகூட ஓடாமல் போகலாம். ஆயினும் அவர்கள் எதிராளியைத் தடுத்து நிறுத்தும் இரண்டு மூன்று விநாடிகளுக்குள்தான், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்தாக வேண்டும். பார்த்தவர்களின் நினைவை மட்டும் நம்பி விருது கொடுத்தால் அந்த ஐவரும் விடுபட்டுப் போவார்கள்.

எங்கள் மன்றத்தின் முதல் விருது விழாவில் அதுதான் நடந்தது. ஏழு கேடயங்களில் ஆறு, பந்தை எறிந்தவருக்கும் பிடித்தவர்களுக்கும் சுமந்து ஓடியவருக்கும் போயின. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, செல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு தாயார் என்னிடம், "தம்பி, எம் மகன் வாராவாரம் உடம்பெல்லாம் சிராய்ப்போட வீட்டுக்கு வர்றான். அங்க அவன் என்னதான்யா செய்யிறான்?" என்று கேட்டார். அவருடைய மகன் இடது டேக்கிள், அதாவது அந்த ஐவர் வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர். எங்கள் குவார்ட்டர்பேக் அந்தப் பருவத்தைக் காயமின்றி முடித்ததற்கு முதற்காரணம் அந்தப் பையன்தான், ஆனால் மேடையில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அந்தத் தாயாரின் கேள்விக்கு மேடையிலேயே விடை கிடைக்கும்படி ஒரு விழாவை எப்படி அமைப்பது என்பதை, அதன் பிறகு பல ஆண்டுகள் செய்து பார்த்த முறையிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

விருதுக்கான வேலை பருவத்தின் முதல் ஆட்டத்தன்றே தொடங்க வேண்டும். எண்ணப்படாத உழைப்புக்கு விருது கிடைப்பதில்லை. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போட்டிகளிலேயே, குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தும் சாக் என்ற செயலை அதிகாரபூர்வமான கணக்கில் சேர்த்தது 1982ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஆடிய தற்காப்பு வீரர்களின் திறமை பார்த்தவர்களின் பேச்சிலும் பழைய படச்சுருள்களிலும் மட்டுமே தங்கியிருந்தது. ஆகவே ஆட்டத்துக்கு இருவரைக் குறிப்பெடுக்க அமர்த்துங்கள். ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல, மற்றவர் தலை நிமிராமல் எழுத வேண்டும், ஏனெனில் ஒருவரே இரண்டையும் செய்தால் எழுதும் நேரத்தில் அடுத்த பிளே, அதாவது பந்து கிளம்பியது முதல் நிற்கும் வரையான ஆட்டத்துண்டு, ஓடிவிடும். எந்த டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), இன்னும் எத்தனை யார்டு தேவை, பந்தை எடுத்தவர் யார், எத்தனை யார்டு கிடைத்தது, வீழ்த்தியவர் யார், உதவியவர் யார் என்ற ஆறு செய்திகள் ஒவ்வொரு பிளேக்கும் இருந்தால் போதும்.

குறிப்பேட்டில் வராதது வீடியோவில் வர வேண்டும். திடலின் எல்லைக்கோட்டில் நின்று கைபேசியில் எடுத்த படத்தில் முதுகுகள்தான் தெரியும். காலரியின் மேல்படி கிடைத்தால் அங்கிருந்து எடுங்கள், கிடைக்காவிட்டால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அனுமதி கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். இரண்டாவது கைபேசி ஒன்று இருக்குமானால், அதைத் திடலின் கடைக்கோடியில் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஜோனுக்குப் பின்னால் உயரமான இடத்தில் நிறுத்தினால், லைன்மேன்களின் கால் நகர்வு நேர்க்கோட்டில் தெளிவாகத் தெரியும். இந்த இரண்டாவது கோணம் இல்லாமல் லைன்மேனை மதிப்பிடுவது கடினம் என்பதே என் அனுபவம்.

ஆட்டம் முடிந்த மூன்று நாட்களுக்குள் பயிற்சியாளர்கள் வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு பிளேக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியிட வேண்டும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி அணிகளில் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. தனக்கு ஒதுக்கப்பட்ட ஆளிடம் சென்றாரா, கால் வைப்பும் கை வைப்பும் சரியாக இருந்தனவா, விசில் ஊதும் வரை விடாமல் நின்றாரா என்ற மூன்று கேள்விகளில் இரண்டுக்கு ஆம் என்றால் கூட்டல் போடலாம். 60 பிளேக்களில் 48 கூட்டல் பெற்றவருக்கு 80 விழுக்காடு. பத்தே பிளே ஆடி ஒன்பதில் கூட்டல் பெற்றவர் முந்திவிடாதபடி, பருவத்தின் மொத்தப் பிளேக்களில் பாதியையாவது ஆடியிருக்க வேண்டும் என்ற வரம்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள்.

நம் பகுதியில் தலைக்கவசமும் தோள்கவசமும் வாங்க வசதியில்லாமல், ஆளை வீழ்த்துவதற்குப் பதில் இடுப்புக் கொடியைப் பறிக்கும் ஃபிளாக் ஃபுட்பால் மட்டும் ஆடும் மன்றங்களுக்கு இந்தப் பட்டியல் சற்று மாறும். ஐவர் ஆடும் சர்வதேச விதிகளில் தடுப்பு வரிசை என்பதே இல்லை, நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் சென்டர் உட்பட ஐவருமே பந்தைப் பிடிக்கத் தகுதியுள்ளவர்கள். அங்கே எண்ண வேண்டியவை இடுப்புக் கொடியைப் பறித்த எண்ணிக்கை, பறிக்கத் தவறிய எண்ணிக்கை, ஏழு யார்டு தொலைவிலிருந்து பாய்ந்து வரும் ரஷர் எத்தனை முறை எறிதலை அவசரப்படுத்தினார் என்பவை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பாலை ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் சேர்த்தது. மன்றத்தில் பெண்கள் அணி இருந்தால், அவர்களுக்கும் அதே எண்ணிக்கையில், அதே உயரக் கேடயங்களை, விழாவின் முதற்பாதியிலேயே வழங்குங்கள். கூட்டம் கலைந்த பின் அவசரமாகக் கொடுக்கப்படும் பரிசு அந்தப் பிள்ளைகளின் மனத்தில் எவ்வளவு நாள் உறுத்தும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை விருதுகள் என்ற கேள்விக்கு என் விடை ஒன்பது அல்லது பத்து. எல்லாருக்கும் ஏதாவது ஒன்று என்று முப்பது கேடயம் வாங்கினால், எதற்கும் மதிப்பிருக்காது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், தாக்குதலில் சிறந்தவர், தற்காப்பில் சிறந்தவர், பந்தை உதைக்கும் பிளேக்களில் ஆடும் உதை அணியில் சிறந்தவர், சிறந்த புதுமுகம், அதிகம் முன்னேறியவர் ஆகிய ஆறும் எல்லா மன்றங்களிலும் இருப்பவை. இவற்றோடு லைன்மேனுக்கென்று தனி விருது கட்டாயம் வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் என்.எஃப்.எல். சிறந்த ஆட்டக்காரர் விருதை ஓர் உதையாளர்கூட வாங்கியிருக்கிறார், 1982இல். தாக்குதல் வரிசையைச் சேர்ந்த லைன்மேன் ஒருவரும் இதுவரை வாங்கியதில்லை. கல்லூரி ஆட்டத்தில் வரிசையின் உட்பகுதியில் நிற்பவர்களுக்கென்றே 1946 முதல் அவுட்லேண்ட் கோப்பை என்ற தனி விருது இருக்கிறது. பொதுப் போட்டியில் விட்டால் கிடைக்காது என்று தெரிந்தே அங்கு அப்படி ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நாமும் ஒதுக்கலாம். அடுத்து, ஆட்ட நாளில் களமிறங்காமல் வாரம் முழுவதும் எதிரணியைப் போல ஆடிக் காட்டி நம் அணியைத் தயார் செய்யும் பயிற்சி அணியினரில் ஒருவருக்கும், முன்னேற்றத்தை அளக்கும் பத்து யார்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் உதவியாளர்களில் ஒருவருக்கும் கொடுங்கள்.

துணிவுக்கான விருது வைப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை உண்டு. தலையில் அடிபட்ட பின்னும் வெளியேறாமல் ஆடினார் என்று எவரையும் மேடையில் பாராட்டக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அடுத்த ஆண்டு பதினாறு வயதுப் பையன் ஒருவன் தலைசுற்றலை மறைத்துக்கொண்டு களத்தில் நிற்பான். அடிபட்டதை உடனே பயிற்சியாளரிடம் சொல்லி, மருத்துவர் அனுமதிக்கும் வரை பொறுத்திருந்து திரும்பியவரைப் பாராட்டுவதே சரி.

வாக்களிக்கும் குழுவில் ஒன்பது பேர் போதும். பயிற்சியாளர்கள் நால்வர், குறிப்பெடுத்த இருவர், மூத்த வீரர்கள் இருவர், நடுவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். தம்பி, மகன், மைத்துனன் போட்டியில் இருந்தால் அந்த விருதுக்கு மட்டும் அவர் வாக்களிக்காமல் விலகிக்கொள்ள வேண்டும், இதை வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் ஊரில் பேச்சு வராது. ஒருவர் ஒரு பெயர் மட்டும் எழுதும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பைக்குச் செய்வதுபோல முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு மூன்று பெயர்கள் எழுதி, முறையே 3, 2, 1 புள்ளி கொடுப்பது மேலானது. ஒன்பது பேரில் நால்வர் குவார்ட்டர்பேக்கை முதலிடத்தில் எழுதி, ஒரேயொருவர் இரண்டாம் இடத்தில் எழுதினார் என்று வையுங்கள், அவருக்கு 14 புள்ளி. தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவரை மூவர் முதலிடத்திலும், ஐவர் இரண்டாமிடத்திலும், ஒருவர் மூன்றாமிடத்திலும் எழுதியிருந்தால் அவருக்கு 20 புள்ளி. முதலிட வாக்குகளை மட்டும் எண்ணியிருந்தால் குவார்ட்டர்பேக் வென்றிருப்பார். ஆனால் ஒன்பது பேருமே உயர்வாகக் கருதியவர் லைன்பேக்கர்தான் என்பது புள்ளிக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. புள்ளி சமமானால் முதலிட வாக்கு அதிகம் உள்ளவருக்குக் கொடுங்கள், அதுவும் சமமானால் இருவருக்கும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டுக்கான என்.எஃப்.எல். சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெய்டன் மானிங்கும் ஸ்டீவ் மெக்னேரும் பகிர்ந்துகொண்டார்கள். அதற்காகப் பெயர் பொறிக்காத கேடயம் இரண்டைக் கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது.

விழா நாளைக் குறிப்பதில் ஊர் நடப்பைப் பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் நகருக்குள் வாகனம் நகராது, மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு இருக்கும். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் சிறிய திருமண மண்டபங்கள் பேசி முடிக்கும் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்தால்தான், உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திரும்ப வேண்டிய குடும்பங்கள் நிம்மதியாகப் பேருந்து ஏற முடியும். கடையில் அடுக்கியிருக்கும் கோப்பைகளின் உச்சியில் மட்டை பிடித்தவரோ உருண்டைப் பந்தை உதைப்பவரோதான் நிற்பார், ஆகவே பொம்மையில்லாத மரக் கேடயம் வாங்கிப் பித்தளைத் தகட்டில் எழுத்துப் பொறிக்கச் சொல்லுங்கள். சரிகை உதிரும் பொன்னாடைக்குப் பதிலாக மதுரைச் சுங்குடித் துணியைப் போர்த்தினால் வீட்டில் பயன்படும். சான்றிதழில் பெயரும் முன்னெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். அரசு வேலைக்கோ கல்லூரி இடஒதுக்கீட்டுக்கோ இது உதவும் என்று பெற்றோரிடம் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட அதிக நேரம் செலவிட வேண்டியது, ஒவ்வொரு விருதுக்கும் வாசிக்கப்படும் பாராட்டுரைக்கு. ஆண்டு முழுவதும் எடுத்த கணக்கு குடும்பத்தாரின் காதில் விழுவது அந்த ஒரு நிமிடத்தில்தான். "கடின உழைப்புக்காகவும் விடாமுயற்சிக்காகவும் இவ்விருது வழங்கப்படுகிறது" என்ற வாக்கியம் யாருக்கும் பொருந்தும், எனவே யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. இடது டேக்கிளுக்கு இப்படி எழுதலாம்: "நம் குவார்ட்டர்பேக் வலது கையால் எறிபவர். எறியத் திரும்பும்போது அவருடைய இடப்புறமும் முதுகும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் காப்பது இவருடைய வேலை. இந்தப் பருவத்தில் 8 ஆட்டங்களில் 400 பிளேக்களுக்கு மேல் இவர் அங்கே நின்றார். அந்தப் பக்கமாக வந்து நம் குவார்ட்டர்பேக்கை எதிரணியினர் வீழ்த்தியது மூன்றே முறை." ஆட்டத்தை முதன்முறை பார்க்கும் பாட்டிக்கும் இது விளங்கும். டவுன், யார்டு தவிர வேறு கலைச்சொல் வந்தால் அதை அடுத்த வாக்கியத்திலேயே விளக்கிவிட வேண்டும். ஆறு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. எழுதியதை முந்தைய நாளே வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பெயர்களின் உச்சரிப்பை அந்தந்த வீரரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாராட்டுரை வாசிக்கப்படும்போது பின்திரையில் அந்த வீரரின் ஒரே ஒரு பிளேயை, அவரைச் சுற்றி வட்டமிட்டு, இரண்டு முறை ஓட்டிக் காட்டினால் சொல்லும் காட்சியும் சேர்ந்துகொள்ளும். லைன்மேன் விருதை நிகழ்ச்சியின் நடுவில் வையுங்கள், அப்போதுதான் மண்டபம் நிறைந்திருக்கும். சிறப்பு விருந்தினருக்கு ஐந்து நிமிடம் என்பதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் தாமதமானால் காத்திராமல் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கிவிடுங்கள், அவர் வந்த பிறகு கொடுக்க இரண்டு விருதுகளை எடுத்துவைத்தால் மரியாதையும் கெடாது. விருதாளரோடு அவருடைய தாய் தந்தையரையும் மேடைக்கு அழையுங்கள்.

மறு வாரத்தில் மூன்று வேலைகள் மீதமிருக்கும். சுழற்கோப்பையில் பெயர் பொறித்து, பெற்றுக்கொண்டதற்கு வீட்டாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாக்குச் சீட்டுகளைச் செயலாளரும் நடுவரும் சேர்ந்து கிழித்துவிட வேண்டும். விருது பெறாதவர்கள் உட்பட ஒவ்வொரு வீரரையும் தனித்தனியே உட்காரவைத்து, அவருடைய விழுக்காட்டையும் அவர் கழித்தல் வாங்கிய பிளேக்களையும் வீடியோவில் காட்ட வேண்டும். எங்கள் மன்றத்தில் இதற்கு ஆளுக்கு இருபது நிமிடம் ஆகிறது. அடுத்த பருவத்தின் முதல் பயிற்சிக்கு முன் இதை முடித்துவிடுகிறோம்.